தோண்டாத கிழங்கு

தெலுங்குபாளையத்தில் வந்து அழகிரிசாமி நாயுடு வீடு எது என்று கேட்டால் எல்லோரும் விழிப்பார்கள். பாசி நாயுடு என்று கேட்டால் வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். விவசாயக் கல்லூரியில், செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டி, பெயர் எழுதி அலமாரியில் அடுக்கி வைக்கிற கூடத்தில் அவருக்கு உத்தியோகம். நிலத்துச் செடியை யார் வேண்டுமானாலும் ஒட்டிவிடலாம். குளத்துச் செடி அப்படியல்ல. வெளியே எடுத்த மறுநிமிஷம் ஈரத்துணி மாதிரி சுருண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, அடியில் தாளைப் போட்டு, செடியை மேலே மிதக்கவிட்டு, ஒவ்வோர் இலையாகத் தூரிகையால் விரித்து, தாளோடு சேர்த்து மெல்லத் தூக்க வேண்டும். பெருமூச்சு விட்டால்கூடக் காரியம் கெட்டது. அந்தக் கைப்பக்குவம் அழகிரிசாமிக்கு இருந்தது. அவரைவிட ஒரு பங்கு அதிகமாகவே அவருடைய ஒரே மகள் அம்புஜத்துக்கு இருந்தது. லேபிள் எழுதுவதும் அவள்தான். பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த முத்து முத்தான இங்கிலீஷ் எழுத்து.

அழகிரிசாமி நல்ல மனிதர். ஆனால் தனக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரியவில்லை என்கிற கர்வம் அவருக்குக் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. பக்கத்துத் தோட்டத்துச் சென்னியப்பக் கவுண்டர் அகப்பட்டால் விடமாட்டார்.

"உங்க கவுண்டமாருக்குள்ள பங்காளிக் கூட்டம் இருக்கற மாதிரிதானுங்க செடிக்கும். நெல்லு, கரும்பு, மஞ்சள், தென்னை, பனை, வாழை, கொளத்துல கெடக்கற கோரை, சம்பு, கொட்டிக்கெழங்கு, வேலம்பாசி, எல்லாம் ஒரே கூட்டம். மொளைக்கையில ஒத்தை இலையோட மொளைக்கும். மானோகாட்டுன்னு பேரு."

"அப்ப பனைமரமும் பாசியும் பங்காளிங்கறீங்க?"

"பங்காளியேதானுங்க."

"அதான் ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லையாட்ட இருக்குது," என்று கவுண்டர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

அழகிரிசாமியின் புழக்கடையில் ஏழெட்டு வகை வாழை நின்றது. அவற்றில் ஒன்று அவருக்கு உயிர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆனைமலைக் காட்டில், ஓடைச் சேற்றில் கண்டு எடுத்த கன்று. இலையின் அடிப்புறம் இரத்தச் சிவப்பு. ஈரச் சாக்கில் சுற்றி, பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கல்லூரி ஆபீசர் வந்து பார்த்து, "இது நம்ம அலமாரியில் இல்லாத சாதி போலிருக்கு நாயுடு. பூ வரட்டும், அப்புறம்தான் பேர் சொல்ல முடியும்" என்றார். அந்த வாழையோ கோயமுத்தூர் வெயிலில் முரண்டு பிடித்துக்கொண்டு, பூக்காமல், பக்கக்கன்றும் விடாமல், ஒண்டியாக நின்றது. அம்புஜம் காலையும் மாலையும் அதற்குத் தண்ணீர் ஊற்றி வந்தாள்.

அப்போதுதான் பீளமேட்டிலிருந்து சம்பந்தம் வந்தது. பம்பு ரிப்பேர் பட்டறை வைத்திருக்கும் கோவிந்தராஜுலுவின் ஒரே மகன் பாலகோபால், மில்லில் பிட்டர். பையனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. பெண்ணுக்கும் பையனைப் பிடித்துவிட்டது. ஜாதகத்துக்குத்தான் பிடிக்கவில்லை. அம்புஜத்துக்கு மாங்கல்ய தோஷம், முதல் தாலி நிற்காது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். பரிகாரமும் அவரே சொன்னார். முதலில் பெண்ணுக்கு வாழையோடு கல்யாணம் பண்ணி, வாழையை வெட்டிவிட்டால் தோஷம் வாழையோடு போய்விடும். பிறகு பாலகோபால் கட்டுவது இரண்டாம் தாலிதானே.

அழகிரிசாமி கோபத்தில் தாம்தூம் என்று குதித்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். குதிப்பதை நிறுத்திக்கொண்டு சரி என்றார்.

1935ஆம் வருஷம் தை மாதம், கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னதாகப் புரோகிதர் வந்தார். புழக்கடையைச் சுற்றிப் பார்த்தார். பூக்காத வாழையாக இருக்க வேண்டும், கன்று சூழாமல் தனியாக நிற்க வேண்டும், பெண் கையால் தண்ணீர் வார்த்ததாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்து, நேராகப் போய் ஆனைமலை வாழையைத் தொட்டார். வேறொன்று கொண்டுவந்து நடுகிறேன் என்று அழகிரிசாமி கெஞ்சிப் பார்த்தார். புரோகிதர் அசையவில்லை.

"வெட்டினா மட்டும் போறாது. கிழங்கைத் தோண்டி எடுத்து நொய்யல் ஆத்துல விட்டுடணும். அது உசிரோட இருக்கப்படாது. தெரிஞ்சுதா?"

வாழைக் கல்யாணம் நடந்தது. மஞ்சள் கிழங்கு கட்டிய கயிற்றை வாழைத்தண்டில் வைத்து எடுத்து அம்புஜத்தின் கழுத்தில் கட்டினார்கள். வாழை, மஞ்சள், அட்சதை அரிசி, தேங்காய் எல்லாமே மானோகாட், பங்காளிக் கூட்டத்துக்குள்ளேயே கல்யாணம் பண்ணுகிறார்களே என்று அழகிரிசாமி முணுமுணுத்தார். அம்புஜம் பக்கென்று சிரித்துவிட்டாள். பிறகு வாழையை ஒரே வெட்டாக வெட்டினார்கள். கயிற்றை அறுத்தார்கள். கண்ணாடி வளையலை உடைத்தார்கள். தலையில் தண்ணீர் ஊற்றி, வெள்ளைச் சேலை சுற்றி, அரைமணி நேரம் மூலையில் உட்கார வைத்தார்கள். சுற்றி நின்ற பெண்டுகள் கேலி பேசினார்கள்.

"சும்மாதானே நாயனா?" என்று அம்புஜம் அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்.

"சும்மாதான் கண்ணு. வெளையாட்டு," என்றார்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, கிழங்கைத் தோண்டுவதற்காக அழகிரிசாமி கடப்பாரையோடு தனியாகப் புழக்கடைக்கு வந்தார். மண்ணை ஒரு சாண் விலக்கினார். கிழங்கின் பக்கவாட்டில் வெள்ளை வெளேரென்று ஒரு முளை கண் விட்டிருந்தது. கடப்பாரை கையிலேயே நின்றுவிட்டது. நாம் மரம் என்று நினைத்து வெட்டுவது மரமே அல்ல, சுருட்டி வைத்த இலைமடல்; வாழையின் தண்டு மண்ணுக்குள் இருக்கிற கிழங்குதான் என்பது அந்த வீட்டில் அவருக்கும் மகளுக்கும் மட்டும் தெரியும். பரிகாரத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. செடியில் இருந்தது. மண்ணைத் தள்ளி மூடி, மேலே வைக்கோலைப் போட்டார். வெட்டிய வாழையை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் நொய்யலில் விட்டார்.

"ஏனுங்க, கெழங்கத் தோண்டிட்டீங்களா?" என்று மனைவி வெங்கடலட்சுமி கேட்டாள்.

"ஆச்சு."

அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார். மடத்தனத்துக்கு நடுவில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தி அவருக்கு.

நாலாம் நாள் பாலகோபால் தாலி கட்டினான். வாழையடி வாழையாக இருக்கோணும் என்று வாழ்த்தி அம்புஜத்தைப் பீளமேட்டுக்கு அனுப்பினார்கள். மாசியில் வைக்கோலைத் தள்ளிக்கொண்டு முளை வெளியே வந்தது. பக்கத்து வாழையின் கன்று என்று மனைவியிடம் இன்னொரு பொய் சொன்னார். ஆடிக்கு அம்புஜம் பிறந்த வீடு வந்தபோது அது நெஞ்சளவு நின்றது. அவள் நேராகப் போய் இலையைத் திருப்பிப் பார்த்தாள். சிவப்பு.

"நாயனா, இது அதுதானே?"

"மெதுவாப் பேசு கண்ணு. வெட்டினா வாழை செத்துருமா? நீயே சொல்லு."

அம்புஜம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப எனக்கு ரெண்டு புருஷனுங்களா நாயனா?"

அப்பாவும் மகளும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அழகிரிசாமியின் ஆயுளில் அதற்குப் பிறகு அப்படியொரு சிரிப்பு இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாலகோபால் மனைவியைப் பார்க்க வந்தான். மாமனாரோடு முத்தண்ணன் குளத்துக்குப் போய், வேட்டியை மடித்துக் கட்டி இறங்கி, ரிப்பன் மாதிரி நீள இலை விடுகிற வேலம்பாசியைப் பூவோடு கொண்டுவந்தான். அம்புஜம் அவனுக்கு அதைத் தட்டில் மிதக்கவிட்டுக் காட்டினாள். பெண் பூ நீளக் காம்பில் ஏறித் தண்ணீருக்கு மேலே வந்து காத்திருக்கும். ஆண் பூ அடியிலேயே அறுந்து, ரவை மாதிரி மிதந்து வந்து அதைச் சேரும். சேர்ந்த பிறகு காம்பு சுருள் சுருளாகச் சுருண்டு பெண் பூவை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும்.

"அந்த ஆண் பூ என்னாகும்?" என்றான் பாலகோபால்.

"அது அவ்வளவுதானுங்க. மெதந்துட்டே போயிரும்."

"என்ன அநியாயமுங்க மாமா இது!" என்று அவன் அழகிரிசாமியிடம் முறையிட்டான். அவருக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கார்த்திகையில் பாலகோபாலுக்குக் காய்ச்சல் கண்டது. டைபாய்டு என்றார்கள். பத்தொன்பது நாள் கிடந்தான். இருபதாம் நாள் விடியும்போது போய்விட்டான்.

தையில் அரைமணி நேரம் விளையாட்டாகச் செய்ததை எல்லாம் கார்த்திகையில் நிஜமாகச் செய்தார்கள். அதே வளையல் உடைப்பு, அதே தண்ணீர், அதே வெள்ளைச் சேலை. இந்தத் தடவை அம்புஜம் அப்பாவைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. அழகிரிசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கருமாதி முடிந்த அன்று, உறவுக்காரர்கள் கூடியிருக்கும்போது, கோவிந்தராஜுலு அழகிரிசாமியின் முன்னால் வந்து கைகூப்பி நின்றார். சம்பந்தியம்மாள் நஞ்சம்மாள் மூலையில் கிடந்தாள்.

"சம்பந்தி, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்காதீங்க. பெத்த மனசு கேக்குதுங்க. அன்னைக்கு அந்தக் கெழங்கத் தோண்டிப் போட்டீங்களாங்க?"

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அழகிரிசாமி உண்மையைச் சொல்லியிருப்பாரோ என்னவோ. இருபது முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. வாழைக்கும் டைபாய்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பிள்ளைக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்த வீட்டில் எப்படிக் கேட்பது?

"தோண்டியாச்சுங்க," என்றார்.

உள்கதவின் நிழலில் அம்புஜம் நின்றிருந்தாள். அவருடைய கண்ணைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்பச் சரிங்க. வேற சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க," என்று கோவிந்தராஜுலு உட்கார்ந்துவிட்டார். மூலையிலிருந்து நஞ்சம்மாள் கத்தினாள்: "தோஷம் கழிச்சும் எம் பையன முழுங்கிப்போட்டாளே! அப்ப இவதானே, இவ ராசிதானே!"

தான் சொன்ன சொல் எங்கே போய் விழுந்தது என்று அழகிரிசாமிக்கு அப்போதுதான் புரிந்தது. கிழங்கு தோண்டியாகிவிட்டது என்றால் பழி வாழை மேல் இல்லை, வாழையை விட்டுவைத்தவன் மேல் இல்லை, பெண்ணின் தலைமேல்தான். இல்லை, பொய் சொன்னேன் என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார். அந்த இருபது முகங்களையும் பார்த்து மூடிக்கொண்டார். கோழை என்று அவரைத் திட்ட அங்கே யாரும் இல்லை, அவரே திட்டிக்கொண்டார்.

கணவனுடைய துணிமணிகளை ஒழுங்கு பண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அம்புஜம் இரண்டு நாள் அங்கேயே இருந்தாள். மூன்றாம் நாள் ஒரு டிரங்குப் பெட்டியோடு தெலுங்குபாளையம் வந்து இறங்கினாள். அதன் பிறகு பீளமேட்டிலிருந்து ஒரு காக்காய்கூட வரவில்லை.

வெங்கடலட்சுமி ஒருநாள் அந்த வாழையின் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டாள். "எம் பொண்ணு தலையில மண்ண வாரிக் கொட்டிட்டீங்களே" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அதோடு கணவரிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அம்புஜம் மட்டும் எப்போதும் போலத் தட்டில் தண்ணீர் ஊற்றினாள், பாசியை மிதக்கவிட்டாள், லேபிள் எழுதினாள். பத்தொன்பது வயசுப் பெண் வெள்ளைச் சேலையில் அப்படிக் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அழகிரிசாமிக்குச் சோறு இறங்காது. ஏசினால்கூடத் தேவலை. அவள் ஏசவில்லை.

மறுவருஷம் ஆவணியில் ஆனைமலை வாழை பூத்தது. ஆபீசர் தாமே வந்து பார்த்துத் துள்ளினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்றால் அழகிரிசாமியும் துள்ளியிருப்பார். வாழையை முழுசாக ஒட்ட எந்தத் தாளும் போதாது. இலையில் ஒரு துண்டு, பூமடல் ஒன்று, பூச்சீப்பு ஒன்று என்று வெட்டி அழுத்தி உலர்த்தி ஒட்டினார். அம்புஜம் லேபிள் எழுதினாள். கண்டெடுத்த இடம், நட்ட இடம், தேதி, எடுத்தவர் பெயர். கடைசியில் குறிப்பு என்கிற இடத்தில் எழுதியிருந்ததை அவர் இரண்டு தடவை படித்தார்.

1935 ஜனவரியில் ஒருமுறை வெட்டப்பட்டது. கிழங்கு எடுக்கப்படவில்லை.

"இது எதுக்கு கண்ணு?"

"லேபிள்ல பொய் எழுதினா செடிக்குப் பண்ற துரோகம்னு நீங்கதானே நாயனா சொல்லுவீங்க. மறைச்சாலும் பொய்தானுங்களே."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதுதான் அவரைக் கொன்றது. அவர் எழுந்து போய்க் கடப்பாரையை எடுத்தார். பூ நின்ற வாழையைச் சாய்த்துவிட்டுச் சுற்றிலும் தோண்டினார். குழந்தைத் தலை அளவு கிழங்கு மண்ணோடு வந்தது. அதைச் சாக்கில் போட்டுத் தோளில் ஏற்றிக்கொண்டார். அம்புஜம் புழக்கடைக் கதவில் வந்து நின்றாள்.

"எங்கீங்க நாயனா?"

"பீளமேட்டுக்கு."

அவள் ஓடிவந்து சாக்கைப் பிடித்தாள். "வேண்டாமுங்க" என்றாள். அவர் நிற்கவில்லை.

கோவிந்தராஜுலு பட்டறையை மூடிவிட்டு அப்போதுதான் கைகழுவிக்கொண்டிருந்தார். சம்பந்தியைக் கண்டதும் வாங்க என்று பாய் எடுத்துப் போட்டார். நஞ்சம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தூண் ஓரம் நின்றாள். அழகிரிசாமி உட்காரவில்லை. சாக்கை அவிழ்த்துக் கிழங்கை வாசற்படியில் வைத்தார்.

"நான் பொய் சொன்னேனுங்க. கெழங்கத் தோண்டலீங்க. செடி மேல இருந்த ஆசையில விட்டுட்டேன். அது மொளைச்சு, பூத்து, இதோ இருக்குது. என்ன பழி சொல்லறதா இருந்தாலும் என்னையச் சொல்லுங்க. எம் பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லீங்க."

கோவிந்தராஜுலு கிழங்கைப் பார்த்தார். பிறகு அழகிரிசாமியைப் பார்த்தார். பார்வையில் இரக்கம் தெரிந்தது.

"உங்க மனசு எனக்குத் தெரியுதுங்க சம்பந்தி. ஆனா அம்புஜம் இங்க இருந்த அந்த ரெண்டு நாள்லயே எங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிப்போட்டுதுங்க."

"என்ன சொல்லுச்சு?"

"நீங்க ஆளு வெச்சுத் தோண்டச் சொல்லிட்டுப் போனீங்களாமா. அந்த ஆளத் தடுத்துத் திருப்பி அனுப்பிச்சது அம்புஜந்தானாமா. தண்ணி ஊத்தி வளத்த செடின்னு மனசு வரலியாமா. 'நாயனாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, தோண்டினதாத்தான் இன்னும் நெனச்சுட்டு இருக்காரு. நாளைக்கு யாராச்சும் வந்து பாத்துட்டு அவரப் பொய்யருன்னு சொல்லிரக் கூடாது, அதுக்குத்தான் சொல்லறேன்'னு எம் பொஞ்சாதி காலப் புடிச்சு அழுதுச்சுங்க."

"இல்லீங்க! அது பொய்யுங்க! நாந்தானுங்க. என் கையில கடப்பாரை இருந்துச்சு, நாந்தான் மண்ணத் தள்ளி மூடினேன்! சத்தியமா நாந்தானுங்க!" என்று அழகிரிசாமி நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினார்.

கோவிந்தராஜுலு எழுந்து வந்து அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"பெத்தவன் பொண்ணுக்காவப் பொய் சொல்லறது உலகத்துல இல்லாததாங்க? என் பையனா இருந்தா நானும் சொல்லியிருப்பேன். நான் தப்பா எடுத்துக்கலீங்க. ஆனா அம்புஜம் இனி இந்த ஊட்டுப் படி ஏற வேண்டாமுங்க. இவளால பாக்க முடியாதுங்க. தண்ணி குடிச்சுட்டுப் போங்க."

அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் இரக்கம்தான் கூடியது. கடைசியில் கிழங்கை மறுபடி சாக்கில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். வழியெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டே வந்தார்.

வீட்டில் அம்புஜம் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வேலம்பாசி ஒன்று தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. அவள் சாக்கைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நம்பலையாங்க?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார்.

"ஏன் கண்ணு அப்படிச் சொன்னே? லேபிள்ல ஒரு வரி பொய் எழுத மாட்டேங்கறவ."

"அது செடியப் பத்துனதுங்க நாயனா." அவள் தூரிகையால் கடைசி இலையை நீவி விரித்தாள். "அங்க அத்தன பேரு முன்னால நீங்க பொய்யச் சொல்லிப்போட்டு எம் மூஞ்சியப் பாத்தீங்களே, எனக்குத் தாங்க முடியலீங்க."

தாளைத் தூக்கத் தொடங்கியவள் கையை நிறுத்தினாள். அவள் தோள்கள் குலுங்கின. தட்டுத் தண்ணீர் அசைந்து, விரித்து வைத்த இலையெல்லாம் மறுபடி ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டது. அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முதல் இலையிலிருந்து விரிக்க ஆரம்பித்தாள்.

"கெழங்கு வெயில்ல வதங்கிப்போயிருக்கும்," என்றாள் தலை நிமிராமலே. "பொடக்காலியில கொண்டுபோய் நட்டுருங்க நாயனா. நான் வந்து தண்ணி ஊத்தறேன்."

அழகிரிசாமி சாக்கைத் தூக்கிக்கொண்டு புழக்கடைக்குப் போக எழுந்தார்.